இணையவழிப் பொருள் மோசடி: வாங்குவோருக்குப் பாதுகாப்பு எந்த அளவு?

திருவனந்தபுரம்: கிழக்கேகோட்டையை அடுத்த சாலை கடைத்தெருவில் பொருளைப் பார்த்த பின்னரே பணம் கொடுப்பது வழக்கம். இணையவழி வணிகத்தில் பெரும்பாலும் பணம் முதலில் செல்கிறது. இந்த இடைவெளியே மோசடிக்கு வழிவகுக்கிறது.

கேரளத்தின் ஆலுவாவைச் சேர்ந்த ஒருவர், 2021 அக்டோபரில் அமேசான் தளத்தில் 70,900 ரூபாய் செலுத்தி ஐபோன் 12 வாங்கினார். வந்த பெட்டியில் பாத்திரம் துலக்கும் சோப்பும் 5 ரூபாய் நாணயமும் இருந்தன. பெட்டியைத் திறந்ததை அவர் காணொலியாகப் பதிவு செய்திருந்தார். எர்ணாகுளம் ஊரகக் காவல்துறையின் சைபர் பிரிவு விசாரித்ததையடுத்து, பணம் திரும்பக் கிடைத்தது.

எல்லோருக்கும் அவ்வாறு கிடைப்பதில்லை. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் பிறர் ஊடுருவி எடுத்த பணம் குறித்து 3 வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் இழப்பு அவரைச் சேராது என ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி சுற்றறிக்கை வெளியிட்டது. ஆனால், வாங்குபவரே ரகசிய எண்ணை இட்டு யுபிஐ வழியாக விற்பனையாளருக்கு அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

பண மோசடி எனில் உடனடியாக 1930 என்ற எண்ணிலும், பொருள் அல்லது சேவைக் குறைபாடு எனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் அளிக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணம் இல்லை. ரசீது, பணம் செலுத்திய விவரம், பெட்டியைத் திறக்கும் காணொலி ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பது அவசியம்.