சூலக முறுக்கும் மீள்குருதியோட்டச் சேதமும்: எலி ஆய்வுகள் கொழும்புக்குச் சொல்வது என்ன?

முறுக்குண்ட சூலகத்தைச் சத்திரசிகிச்சையில் நேராக்கியதும் சேதத்தின் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. முறுக்கினால் குருதி தடைப்பட்டு ஒட்சிசன் இல்லாத வேளையில் கலங்களில் ஏ.டி.பி. சிதைந்து ஹைப்போசாந்தீனாகத் தேங்கும். குருதி திரும்பியதும் சாந்தீன் ஒட்சிடேசு நொதியம் அதை ஒட்சியேற்ற, சுப்பரொட்சைட்டு உருவாகிக் கலமென்சவ்வுகளைத் தாக்கும். நடுநிலைநாடிகள் எனும் வெண்குருதிக் கலங்கள் வந்து சேர, அழற்சி பெருகும்.

இதை மருந்தால் தடுக்கலாமா என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் ஏராளம். அவற்றுட் பல துருக்கியில் நடந்தவை. அமைப்பும் பெரும்பாலும் ஒன்றே. சூலகத்தின் குருதியோட்டத்தைச் சுமார் 3 மணி நேரம் அடைத்து, பின் அதேயளவு நேரம் திறந்துவிடுவர். திறப்பதற்குச் சற்று முன் மெலட்டோனின், என்-அசிட்டைல்சிஸ்டீன், மஞ்சளிலுள்ள குர்குமின் முதலியவற்றுள் ஒன்றைச் செலுத்துவர். சேதத்தைக் காட்டும் மலோன்டையல்டிகைட்டு குறைந்ததா, கலங்களைக் காக்கும் குளுட்டாதயோன் கூடியதா, நுணுக்குக்காட்டியில் குருதிக்கசிவு தணிந்ததா என்று பார்ப்பர். முடிவு அநேகமாக மருந்துக்குச் சாதகமாகவே வரும்.

இம்முடிவுகள் பொய்யல்ல, ஆனால் சிகிச்சைக்குப் போதுமானவையல்ல. எலியில் அடைப்புத் தொடங்கிய நிமிடம் ஆய்வாளருக்குத் தெரியும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அடிவயிற்று வலியோடு தவிக்கும் பெண்ணுக்கு அது மாதவிடாய் வலியாகவோ, வாய்வாகவோ, அப்பெண்டிசைட்டிசாகவோ தோன்றலாம். டொப்ளர் ஸ்கேனும் ஏமாற்றும்: மெல்லிய சுவருள்ள நாளங்கள் முதலில் நெரிபட, தடித்த சுவருள்ள நாடிகளில் ஓட்டம் சிறிது நேரம் நீடிக்கும். சூலகத்துக்குச் சூலக நாடி, கருப்பை நாடி என இரு வழிகளால் குருதி வருவதும் இதற்குத் துணை. ஆகவே ஸ்கேனில் குருதியோட்டம் தெரிவதால் முறுக்கு இல்லையென்று முடிவுகட்ட முடியாது.

இதைவிட வலுவான தடை கணக்கில் உள்ளது. இஸ்ரேலில் ஒயெல்ஸ்னர் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், கறுத்துத் தெரிந்த சூலகங்களையும் அகற்றாமல் முறுக்கை மட்டும் நீக்கினர். பின்தொடரப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சூலகம் மீண்டும் இயங்கியது. மருந்தில்லாமலே 90 வீதம் மீளும் நிலையில், அதை 95 ஆக்குகிறது என்று ஒரு மருந்து நிறுவ வேண்டுமானால், வழக்கமான 80 வீத ஆய்வுவலுவுக்கே ஒவ்வொரு பிரிவிலும் 430 பேருக்கு மேல் தேவை. முறுக்கு அரிதான நோய். தனியொரு வைத்தியசாலையால் இவ்வெண்ணிக்கையை எட்டுவது கடினம்.

குர்குமின் முடிவுகளைப் படித்துவிட்டு வீட்டில் மஞ்சள் குடிப்பதும் பொருந்தாது. வாய்வழி உட்கொள்ளும் குர்குமின் குருதியில் சேர்வது மிகச் சொற்பம்.

தனியொரு வைத்தியசாலையால் முடியாததால், கொழும்புப் பகுதியின் டி சொய்சா, காசல் வீதி, களுபோவில, தேசிய வைத்தியசாலைகள் இணைந்து ஒரே படிவத்தில் நான்கு விவரங்களைப் பதியலாம்: வலி தொடங்கிய நேரம், முறுக்கு நீக்கிய நேரம், சூலகம் காக்கப்பட்டதா, ஆறு மாதத்தின் பின் ஸ்கேனில் சூலகப் புடைப்புகள் தெரிந்தனவா. மருந்துப் பரிசோதனைக்கு அதுவே அடித்தளம். அதுவரை, சூலகத்தைக் காக்க நம் கையில் உள்ள நம்பத்தக்க வழி, நேரத்தோடு முறுக்கை நீக்குவதே.