செங்கல்பட்டு ஜில்லாவின் டீச்சரம்மாக்கள்

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெண் பாடம் நடத்துவது தமிழ்நாட்டில் இன்று யார் கண்ணையும் உறுத்தாத காட்சி. வீட்டில் பிள்ளை பெற்று வளர்த்த அம்மா, பள்ளியில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் டீச்சராக இருந்து, ஓய்வூதியத்தோடு எண்பது, தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து மறைவது பல குடும்பங்கள் அறிந்த வரலாறு. ஆனால் தாயும் ஆசிரியையும் ஒரே ஆளாக இருக்க முடியும் என்ற நிலை வந்து அதிக காலம் ஆகவில்லை. இந்த வேலைக்கு முதலில் வந்த பெண்கள் பெரும்பாலும் தாயாக முடியாதவர்கள்: மணம் செய்துகொள்ளாத மிஷன் பெண்கள், கன்னியாஸ்திரிகள், குழந்தைப் பருவத்திலேயே தாலி இழந்தவர்கள்.

பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் ஊர்களுள் ஒன்றான திருநின்றவூரை எடுத்துக்கொள்வோம். இப்போது அது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. 1997 வரை அது செங்கல்பட்டு மாவட்டம். வெள்ளையர் ஆட்சியில் செங்கல்பட்டு ஜில்லா. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-இல் இவ்வூர் வழியாகவே சென்றது. கிராமங்களுக்குப் பெண் வாத்தியார் வந்து சேர ரயிலைவிடப் பல பத்தாண்டுகள் கூடுதலாகப் பிடித்தன.

பெண்களுக்கான பள்ளிகள் அதற்கு முன்பே இருந்தன. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707-இலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824-இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளி ஆசியாவிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று. நியூயார்க்கிலிருந்து 1840-இல் யாழ்ப்பாணம் வந்த எலைசா ஆக்னியூ, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருந்தார். 1883-இல் இறக்கும்வரை ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. மணம் செய்துகொள்ளாத அவருக்கு ‘ஆயிரம் மகள்களின் தாய்’ என்ற பெயர் நிலைத்தது. அவரிடம் படித்தவர்களின் மகள்களும், சில குடும்பங்களில் பேத்திகளும் அவரிடமே படித்தார்கள்.

மிஷன் பள்ளிகளுக்கு வெளியே நிலைமை வேறு. 1854-இன் உட் கல்வி அறிக்கை பெண் கல்விக்கு அரசு உதவும் என்று சொன்னது. சொல்லித்தர ஆள் இல்லை. பெண்ணை ஆண் வாத்தியாரிடம் அனுப்ப வீட்டார் ஒப்பவில்லை. அனுப்பியவர்களும் பூப்பெய்தும் வயது நெருங்கியதும் நிறுத்திவிட்டார்கள். 1866-இல் இந்தியா வந்த ஆங்கிலேயச் சீர்திருத்தவாதி மேரி கார்ப்பெண்டர், பெண் ஆசிரியர்களுக்கென்று பயிற்சிப் பள்ளி வைக்காமல் பெண் கல்வி நகராது என்று அரசிடம் வற்புறுத்தினார். அதன் விளைவாகச் சென்னையில் ஒரு பயிற்சிப் பள்ளி வந்தது. ஆனால் அங்கே சேரக்கூடியவர் யார்? மணமான பெண்ணைக் கணவன் வீடு விடாது. மணமாகாத வயதுவந்த பெண் என்று உயர்சாதி இந்துக் குடும்பங்களில் ஒருத்தியும் இருக்க மாட்டாள். மிஞ்சியவர்கள் கைம்பெண்கள். நல்ல காரியங்களில் எதிரே வரக்கூடாது என்று அடுக்களை மூலையில் ஒதுக்கப்பட்ட அந்தச் சிறுமிகளை நோக்கித்தான் அரசின் பார்வையும் சீர்திருத்தக்காரர்களின் பார்வையும் திரும்பின. கருணை ஒரு பங்கு என்றால், ஆள் பற்றாக்குறை மறுபங்கு.

இந்த வரலாற்றின் நடுநாயகம் சகோதரி சுப்பலட்சுமி. 1886 ஆகஸ்ட் 18 அன்று மயிலாப்பூரில் பிறந்தார். தஞ்சை ஜில்லா ரிஷியூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். தந்தை சுப்பிரமணிய ஐயர் சைதாப்பேட்டை வேளாண்மைக் கல்லூரியில் பணியாற்றியவர். அந்நாளில் நாலாம் வகுப்புக்கே பொதுத் தேர்வு உண்டு. ஒன்பது வயதில் அதை எழுதிய சுப்பலட்சுமி செங்கல்பட்டு ஜில்லாவிலேயே முதலாவதாக வந்தார். பதினோரு வயதில் மணம் முடித்தார்கள்; சிறிது காலத்தில் கணவர் இறந்தார். வழக்கப்படி மொட்டையடித்து மூலையில் உட்கார்த்தியிருக்க வேண்டும். பெற்றோர் அதைச் செய்யவில்லை. தந்தை வீட்டிலேயே ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். பிறகு கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்து, மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1911-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே.

பட்டம் வாங்கிய கையோடு எழும்பூரில் ஒரு வீட்டில் நான்கு பிராமணக் கைம்பெண் சிறுமிகளை வைத்துக்கொண்டு விடுதி தொடங்கினார். பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த ஐரிஷ்காரர் கிறிஸ்டினா லிஞ்ச் துணை நின்றார். விடுதியின் சமையலையும் நிர்வாகத்தையும் கவனித்தவர் சித்தி வாலாம்பாள், அவரும் கைம்பெண். வரலாறு சுப்பலட்சுமியின் பெயரை எழுதிவைத்தது. ஆனால் சிறுமிகளுக்கு வேளா வேளைக்குச் சோறு போட்டு, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தி இல்லாமல் எந்த விடுதியும் ஒரு மாதம்கூட ஓடியிருக்காது. 1912-இல் சாரதா மகளிர் சங்கமும் உருவானது.

சிறுமிகள் எண்ணிக்கை கூடக்கூட இடம் போதவில்லை. கடைசியில் கிடைத்தது கடற்கரை ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்ட கிடங்கு அது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வீடாக்கினார். 1897-இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். 1917-இல் அரசு கட்டடத்தை எடுத்துக் கைம்பெண் விடுதிக்குத் தந்தது. மொட்டைத் தலையோடு வந்து சேர்ந்த சிறுமிகள் அங்கே முடி வளர்த்தார்கள், பள்ளிக்குப் போனார்கள், பயிற்சி முடித்து ஆசிரியைகளாக வெளியே சென்றார்கள். கடற்கரையையொட்டிய குப்பத்து மீனவக் குழந்தைகளுக்கும் சுப்பலட்சுமி பள்ளி நடத்தினார்.

அரசு உதவிக்கு ஒரு வரம்பு இருந்தது. விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டும்; அதிலும் வயது கடந்தவர்களுக்கு இடமில்லை. எதிர்ப்பு பெரிதாகிவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்று இதற்குச் சமாதானம் சொல்லப்பட்டாலும், குறை குறைதான்: அரசுப் பணம் ஒரு சாதிக்கு மட்டும் போனது. வயதுவந்த கைம்பெண்களுக்காகச் சாரதா வித்யாலயா 1920-களில் தோன்றியது. பின்னர் அது ராமகிருஷ்ண மிஷனிடம் சென்றது. 1922-இல் ஐஸ் ஹவுஸுக்கு அருகே லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது சுப்பலட்சுமி அதன் முதல் முதல்வரானார். அந்தக் கல்லூரி இன்றும் காமராஜர் சாலையில் இயங்குகிறது. திருமண வயதை உயர்த்துவது குறித்து விசாரித்த ஜோஷி குழுவின் முன் அவர் சாட்சியம் அளித்தார். 1929-இன் சாரதா சட்டம் பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதை 14 ஆக்கியது. குழந்தைக் கைம்பெண்களின் எண்ணிக்கை மெல்லக் குறைந்தது. விடுதி 1941-இல் மூடப்பட்டது.

ஓய்வுக்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. படிக்க வாய்ப்பில்லாமல் போன பெண்களுக்காக 1942-இல் மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினர், 1958-இல் பத்மஸ்ரீ. அவரது தங்கை மகள் லலிதாவும் திருமணத்துக்கு முன் பள்ளியில் பணியாற்றியவர். லலிதாவின் கணவர்தான் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சந்திரசேகர். 1969 டிசம்பர் 20 அன்று, 83-ஆம் வயதில் சுப்பலட்சுமி காலமானார். பெற்ற பிள்ளை ஒன்றும் இல்லை. ஆனால் தாய் என்று அழைக்கப்படப் பெற்றிருக்க வேண்டியதில்லை. திருநின்றவூர்ப் பெருமாள் கோயிலில் தாயாருக்கு ‘என்னைப் பெற்ற தாயார்’ என்று பெயர். மகளான திருமகளைத் தந்தை சமுத்திரராஜனே அப்படி அழைத்ததாகத் தலபுராணம். தான் பெறாதவர் வாயால் ஒருத்தி தாய் என்று அழைக்கப்படுவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

கைம்பெண்களோடு நின்றுபோயிருந்தால் இந்தத் தொழில் ஒரு புகலிடமாகவே இருந்திருக்கும். அதை எல்லாப் பெண்களுக்கும் உரிய வேலையாகக் கேட்ட குரல் செங்கல்பட்டிலிருந்தே எழுந்தது. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அங்கு நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமை கேட்டதோடு, ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலைக்குப் பெண்களையே அமர்த்த வேண்டும் என்றும் தீர்மானித்தது. பத்திரிகைகள் கேலி செய்யக்கூடிய கோரிக்கைதான் அன்றைக்கு. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989-இல் தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. ஐந்தாம் வகுப்புவரை பெண் ஆசிரியர்களையே நியமிப்பது என்ற முடிவும் அந்தக் காலத்தில்தான் வந்தது.

இடைப்பட்ட காலத்தில் வேலையின் தன்மையும் மாறியது. காமராஜர் ஆட்சியில் கிராமந்தோறும் பள்ளிகள் திறந்தன. 1956-இல் மதிய உணவு வந்தது. ‘டிரெய்னிங்’ முடித்த பெண்ணுக்கு ஜில்லா போர்டு பள்ளியிலும் பின்னர் ஒன்றியப் பள்ளியிலும் வேலை கிடைத்தது. முன்பெல்லாம் கிராமத்துக்கு மாற்றலாகும் ஆசிரியைக்குப் பெரிய கவலை சம்பளம் அல்ல, வீடு. தனியாக இருக்கும் பெண்ணுக்கு ஊரில் யாரும் வீடு தரமாட்டார்கள். அம்மாவோ பாட்டியோ துணைக்கு வர வேண்டும். பேருந்தும், 1979-க்குப் பின் திருவள்ளூர் பாதையில் மின்சார ரயிலும் வந்தபின் ஆவடி, திருநின்றவூர் பக்கத்தவர்கள் வீட்டிலிருந்தே போய்வர முடிந்தது. காலையில் சமைத்துவைத்துவிட்டு ரயில் ஏறும் டீச்சர், மாலையில் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டோடு இறங்குவார். கணவரும் பிள்ளைகளும் உள்ள ஆசிரியை வழக்கமானது இந்தத் தலைமுறையில்தான்.

1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். பேறுகால விடுப்பு நெடுங்காலம் மூன்று மாதமாக இருந்தது. 2011-இல் ஆறு, 2016-இல் ஒன்பது, 2021 ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாதமானது. மூன்று மாத விடுப்பில் பிள்ளை பெற்ற தலைமுறையினர் கைக்குழந்தையை மாமியாரிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுவிட்டுத்தான் ஊரார் பிள்ளைகளுக்கு ‘அ, ஆ’ சொல்லித்தரப் போனார்கள். அவர்களில் பலர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். தமிழ்நாடு அரசு விதிப்படி 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தோடு 20 விழுக்காடு கூடுகிறது. 90-இல் 40 விழுக்காடு. நூறு வயதைத் தொட்ட டீச்சரம்மாவுக்கு அது இரு மடங்கு.