மான் ரே: பாரிஸ் இருட்டறையின் கலைஞரும் ஆசிரியரும்

மான் ரேயின் இயற்பெயர் இம்மானுவேல் ராட்னிட்ஸ்கி. ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்த யூதத் தையல்காரர் ஒருவரின் மகனாக, 1890இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தார். 1921இல் பாரிஸ் வந்தார். அவருடைய ஸ்ரூடியோ இருந்த கம்பாஞ் பிறமியேர் தெரு லாச்சப்பலில் இருந்து தூரமில்லை. கார் து நோர் நிலையத்தில் 4ஆம் இலக்க மெற்றோ எடுத்து ராஸ்பாயில் இறங்கினால் பக்கத்தில்தான்.

அவரைப் புகழ்பெறச் செய்தது கமரா இல்லாமலே செய்த படம். இருட்டறையில் ஒளிப்படத் தாளின்மேல் சாவி, சீப்பு போன்ற பொருட்களை வைத்து, சில விநாடி விளக்கைப் போட்டு, பிறகு தாளை மருந்தில் கழுவுவார். வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும். பொருள் மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். 1830களிலேயே இங்கிலாந்தில் தல்போட் என்பவர் இலைகளை வைத்து இப்படிச் செய்திருக்கிறார். மான் ரே இதற்கு 'ரேயோகிராப்' என்று தன் பெயரையே வைத்தார்.

இந்த முறையில் நெகட்டிவ் கிடையாது. தாள் ஒன்று, படமும் ஒன்று. கணக்காளர் மொழியில் சொன்னால், நகல் இல்லாத பற்றுச்சீட்டு. 1922இல் 12 படங்களைத் தொகுப்பாக வெளியிட்டபோது, அசல்களைக் கமராவால் திரும்பப் படமெடுத்தே பிரதி செய்தார்.

அவரிடம் தொழில் பழகியவர்களில் இருவர் முக்கியமானவர்கள். 1929இல் வந்த லீ மில்லர், ஒருநாள் இருட்டறையில் காலில் ஏதோ ஊர்ந்ததால் பயந்து விளக்கைப் போட்டுவிட்டதாகப் பின்னாளில் சொன்னார். பாதி கழுவிய நெகட்டிவ்களில் வெளிச்சம் பட்டு, கறுப்பு வெள்ளை ஓரளவு இடம்மாறி, உருவங்களைச் சுற்றிக் கோடு விழுந்தது. பழுதென்று எறியாமல் இருவரும் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பழகினார்கள். அதுவே 'சோலரைசேஷன்'.

மற்றவர் பெரனிஸ் அபொட். 1923இல் ஒன்றுமே தெரியாமல் இருட்டறை உதவியாளராகச் சேர்ந்தவர். அதே தெருவில், பழைய பாரிசைப் படமெடுத்த அட்ஜே என்ற முதியவர் வாழ்ந்தார். அவர் 1927இல் இறந்தபின், அவரிடமிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்களையும் பல ஆயிரம் படங்களையும் அபொட் வாங்கிக் காப்பாற்றினார். இன்று அவை நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் உள்ளன.

1940இல் ஜேர்மன் படை பாரிசுக்குள் நுழைந்தது. மான் ரே தன் படைப்புகளில் பெரும்பகுதியை விட்டுவிட்டு லிஸ்பன் வழியாக அமெரிக்கா போனார். 1951இல் பாரிஸ் திரும்பி, 1976இல் இங்கேயே காலமானார். மொன்பர்னாஸ் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இலங்கையில் சோலரைசேஷனைக் கையாண்டவர் கொழும்பின் லயனல் வென்ட் (1900–1944). அவர் இறந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. அச்சிட்ட படங்களால்தான் அவரை இன்று அறிகிறோம்.

1995 இடப்பெயர்விலும் 2009 வன்னியிலும் விடுபட்டுப்போன அல்பங்களுக்குக் கணக்கில்லை. எங்கள் பலரிடம் அம்மா அப்பாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நெகட்டிவ் ஊர் ஸ்ரூடியோவோடு போய்விட்டது. அந்தப் படத்தை ஈரம் ஏறும் நிலவறையிலும் வெயில் படும் சுவரிலும் வைக்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில் நேராக வைத்துப் படமெடுத்து, மூன்று வீடுகளுக்காவது பிரதி அனுப்புங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.