வெள்ளி தெற்கேகலும் காவிரி நாட்டு மழையும்

வெள்ளிக்கோள் தெற்கே செல்லின் வறம் கூரும் என்பது பண்டைத் தமிழர் கொள்கை. பறம்பு நாட்டைப் பாடிய கபிலர், சனி புகைதலையும் இதனோடு சேர்த்து எண்ணுவர் (புறம். 117). கோள்நிலை கொண்டு மழை உரைக்கும் வழக்கு இன்றும் மறைந்திலது. மேகாதிபதி இன்ன கோள் எனப் பஞ்சாங்கங்கள் ஆண்டுதோறும் குறிக்கின்றன. ஆயின் பழம்பாடல்கள் இக்கொள்கையை ஆண்ட முறை வேறு.

வெள்ளி தெற்கே சென்றாலும் காவிரி பொய்யாது என்று பட்டினப்பாலையும் புறநானூற்று 35ஆம் பாட்டும் கூறுகின்றன. இஃது உயர்வுநவிற்சி மாத்திரம் அன்று. காவிரி குடகில் பிறப்பது. அங்குப் பொழிவது தென்மேற்குப் பருவமழை. உறையூரில் வானம் வெளிறிக் கிடக்கும் ஆடியிலேயே ஆற்றில் புதுப்புனல் வரும். உள்ளூர் வறட்சிக்குரிய குறி இவ்யாற்றைத் தீண்டாது என்றது கண்கூடாகக் கண்ட செய்தியே. பதினெட்டாம் பெருக்கன்று திருவரங்கத்து அம்மா மண்டபத் துறையில் நின்றார்க்கு இதற்கு உரை வேண்டா. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் அவ்வரவு மதகுவழியதாயிற்று என்பது வேறு.

இனி, தெற்கேகல் என்பதைச் சொற்படியே கொண்டால் இடர்ப்பாடு எழும். வெள்ளி ஞாயிற்றைவிட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகாது. கார்த்திகையில் ஞாயிறு தெற்கே நெடிது சென்றிருத்தலின், வெள்ளியும் அப்போது வான நடுக்கோட்டுக்குத் தெற்கிலேயே நிற்கும். அதுவோ வடகிழக்குப் பருவமழைக் காலம். 1977 நவம்பர் 12ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கு அருகே கரைகடந்த புயலால் திருச்சிராப்பள்ளி வெள்ளத்தில் ஆழ்ந்தபோதும் வெள்ளி தெற்கிலேதான் இருந்தது. எனவே பட்டினப்பாலையார் கருதியது தெற்கில் நிற்றல் அன்று, தனக்குரிய நெறி திரிதல் என்று கொள்வதே பொருந்தும். அந்நெறி இன்னது எனப் பாட்டு வரையறுக்கவில்லை. உரைகாரர் வழிநின்று அதனைத் துணிதல் அரிது.

இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது புறப்பாட்டின் போக்கு. வெள்ளைக்குடி நாகனார் சோழனது அரசைப் புகழ்ந்து தொடங்கி, வெள்ளியின் செலவைக் கூறுகிறார். காவிரியின் சிறப்பை விரிக்கிறார். முடிவில், மழை பொய்ப்பினும் விளைவு குன்றினும் உலகம் பழிப்பது காவலரையே என்று கிள்ளிவளவனிடம் நேரே சொல்கிறார். கோள் குறியாக நிற்கிறது. பொறுப்பு அரியணையில் நிற்கிறது. வறட்சிக்கு வெள்ளியைக் காட்டி வேந்தன் ஒதுங்குதற்கு இடமே வைக்கவில்லை. வரி கொடுக்கும் உழவர்பொருட்டு எழுந்த பாட்டாதலின் இத்துணிவு இயல்பே. நாகனார் பாடிப் பழஞ்செய்க்கடனை நீக்கிக்கொண்டார் என்று அப்பாட்டின் அடிக்குறிப்பு கூறுகிறது.