முதல் முப்பது மீட்டர்

ஓட்டத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதைக் கடலூர் மாவட்டத்தில் உள்ள எங்கள் மங்களூர் வட்டாரம் லேசில் ஒப்புக்கொண்டதில்லை. கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற ஊர்கள் இவை. மிரண்டு ஓடிய கன்றைத் துரத்திப் பிடிக்கிற பையனைப் பார்த்தால், ‘அவன் தாத்தாவும் இப்படித்தான்’ என்பார்கள். விளையாட்டு விழா வந்தால் அவன் பெயரை 100 மீட்டருக்கு எழுதிக்கொள்வார்கள். அதற்குமேல் பயிற்சி என்றால், மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடு என்பதுதான். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அந்தப் பத்துச் சுற்றின் மேல் இன்றுவரை கோபம் உண்டு. நூறு மீட்டர் ஓடப்போகிறவனை இரண்டாயிரம் மீட்டர் ஓடவிட்டால் மெதுவாக ஓடத்தான் பழகுவான்.

வேக ஓட்டத்தில் மனிதன் கடைசியாகக் கற்றது கிளம்புவதைத்தான். 1880-கள் வரை எல்லோரும் நின்றபடியே கிளம்பினார்கள். 1888-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர் சார்லஸ் ஷெரில் கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து கிளம்பினார். பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கிறது. 1896-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தாமஸ் பர்க் அதே மாதிரிக் குனிந்து 100 மீட்டரை வென்றபிறகு யாரும் சிரிக்கவில்லை. குனிந்தால் கால் வழுக்கும். அதற்காகத் தரையில் குழி தோண்டினார்கள். 1936 பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் தங்கம் வாங்கியதும் கையில் ஒரு சின்னக் கரணையோடு வந்து, தன் குழியைத் தானே பறித்துத்தான். குழிக்குப் பதிலாகக் கட்டையில் கால் ஊன்றிக் கிளம்பும் முறை 1929-லேயே வந்துவிட்டது. அந்த வருடம் ஜார்ஜ் சிம்சன் கட்டையில் கால் வைத்து நூறு கஜத்தை 9.4 விநாடியில் ஓட, அது சாதனைக் கணக்கில் சேராது என்றார்கள். 1937-ல்தான் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் கட்டையை அனுமதித்தது. ஒலிம்பிக்கில் அது நுழைந்தது 1948-ல், லண்டனில்.

இந்த வித்தை நம் பக்கம் வந்த வழிகளில் முக்கியமானது சென்னை. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920-ல் அங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு பயிற்சியாளராகப் போனவரும் அவர்தான். அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு டிரில் மாஸ்டர்களாகப் போனார்கள். என் ஆசிரியருக்கு ஆசிரியர் அங்கே படித்தவர். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு விதித்த வேலை வரிசையில் நிறுத்துவதும் சுதந்திர தின அணிவகுப்பும். கற்றதில் பாதி அங்கேயே கரைந்துபோனது. அப்படியும் தமிழ்நாட்டின் ராமசாமி ஞானசேகரன் 1978 பாங்காக் ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் தங்கமும் 100 மீட்டரில் வெள்ளியும் வாங்கினார். அந்தச் செய்தியைப் படித்த தலைமுறை நாங்கள்.

கரிசல் மண்ணில் குழி நிற்காது. மழையில் கால்விரலோடு ஒட்டிக்கொண்டு வரும், கோடையில் விளிம்பு பொலபொலவென்று உதிரும். மூன்றாவது ஹீட் ஓடுகிறவனுக்கு மிச்சமிருப்பது ஒரு பள்ளம். எங்கள் ஊர் ஆசாரியிடம் கருவேலக் கட்டையைச் சரிவாக இழைத்து, அடியில் நீண்ட ஆணி அடித்து வாங்கினேன். மாவட்டப் போட்டிக்கு நல்ல கட்டை தரவேண்டியவர்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்தபிறகு செய்த வேலை அது.

கட்டை கிடைத்ததும் இரண்டு காலையும் நெருக்கி வைத்துக்கொள்ளத்தான் பையன்களுக்கு ஆசை. கிளாப்பர் தட்டியதும் சட்டென்று வெளியே வந்துவிடலாமே! பிராங்க்ளின் ஹென்றி என்ற கலிபோர்னியா ஆய்வாளர் 1952-லேயே இதை அளந்து பார்த்துவிட்டார். இரண்டு காலுக்கும் நடுவே 11 அங்குலம் மட்டும் விட்டால் கட்டையை விட்டு முதலில் கிளம்புவான், ஆனால் குறைந்த வேகத்தோடு கிளம்புவான். பத்து கஜத்திலேயே பின்தங்கிவிடுவான். 16-லிருந்து 21 அங்குலம் விட்டால் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் உந்தித் தள்ள நேரம் கிடைக்கிறது. ‘முதலில் கிளம்பாதே, முழுசாகத் தள்ளு’ என்று கத்துவேன். பெற்றோர் என்னை விநோதமாகப் பார்ப்பார்கள்.

முதல் முப்பது மீட்டர் முழுக்கத் தள்ளுகிற வேலை. பாதம் தரையில் தங்கும் நேரம் முதல் தப்படிகளில் கிட்டத்தட்ட 0.2 விநாடி, உச்சவேகத்தில் அதில் பாதி. அதனால் தொடக்கத்தில் காலைச் சரசரவென்று மாற்றுகிறவனைவிட நிதானமாக, பலமாகத் தள்ளுகிறவன் முன்னே போவான். இதற்கு வெல்லிங்டன் ஏரிக்கரைச் சரிவு நல்ல வாத்தியார். சரிவில் ஏறும்போது உடம்பு தானாக முன்னால் சாயும், நான் சொல்ல வேண்டியதே இல்லை. வெள்ளாற்று மணலிலும் ஓடவிட்டேன், அளவோடு. மணல் தொடைக்குப் பலம் தரும். ஆனால் பாதம் புதைந்து அதிக நேரம் தரையில் கிடக்கும். அதே பழக்கமானால் தார் ரோட்டிலும் புதைந்த மாதிரியே ஓடுவான். இடுப்பில் கயிறு கட்டி டயர் இழுப்பது உண்டு. லாரி டயர் வேண்டாம், இருசக்கர வாகன டயரும் ஒரு செங்கல்லும் போதும்.

தப்படிக்கு அடையாளம் வைக்கப் பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலம்தான் உதவியது. சூளையில் கோணலாகிக் கழித்துப்போட்ட பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை ஒரு சாக்கு வாங்கி வந்தேன். வெள்ளையாக இருக்கும், கரிசலில் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு தப்படிக்கும் இடைவெளியை முந்தியதைவிட அரை அடிக்கும் குறைவாகக் கூட்டிக்கொண்டே போய், ஓடுபாதைக்கு ஓரமாக வைப்பேன். ஓரமாக என்பது முக்கியம், மிதித்தால் கால் போய்விடும்.

தடகளத்துக்கு நம் பள்ளிகளில் ரகசியமாக ஆள் தயார் செய்தது கோ-கோ. எட்டுப் பேர் நடுக்கோட்டில் மாறி மாறித் திசை பார்த்துக் குந்தியிருப்பார்கள். முதுகில் ‘கோ’ விழுந்த கணம் பாய வேண்டும், எடுத்த திசையை மாற்றக்கூடாது. இரண்டு கம்பங்களுக்கும் நடுவே இருப்பது இருபத்தைந்து மீட்டருக்கும் குறைவு. ஆக, ஆட்டம் முழுக்க ஆளுக்கு ஆள் கிளம்பிக்கொண்டே இருப்பதுதான்! திருச்சி தனலட்சுமி சேகர் பள்ளியில் கோ-கோ ஆடியவர். 2021 மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த போட்டியில் 100 மீட்டரை 11.39 விநாடியில் ஓடி, ஓட்ட வீராங்கனை டுட்டி சந்த்தை முந்தினார். அதே போட்டியில் 200 மீட்டரில் பி.டி. உஷாவின் போட்டிச் சாதனையையும் தாண்டினார். அடுத்த வருடம் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியது வேறு கதை. அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன்.

எங்கள் பிள்ளைகள் சென்னை நேரு விளையாட்டரங்கின் செயற்கைத் தடத்தில் ஓடிவிட்டு முகம் வாடித் திரும்புவார்கள். ஊரில் என் ஸ்டாப் வாட்சில் 11.4, அங்கே மின்னணுக் கடிகாரத்தில் 11.6. கையால் அழுத்தும் நேரத்தோடு 0.24 விநாடி கூட்டிப் பார்ப்பது வழக்கம் என்று கணக்குப் போட்டுக் காட்டுவேன். கணக்கு சரி, முகம் மட்டும் தெளியாது.

இப்போது கைப்பேசியிலேயே விநாடிக்கு 240 படம் எடுக்க முடிகிறது. என் பழைய மாணவர் ஒருவர் ஆசிரியராகி, முதல் முப்பது மீட்டரை மட்டும் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறார். கட்டை இடைவெளி சரியாக இருக்கிறது, இடுப்பு உயரமும் சரி. ஐந்தாவது தப்படிக்குள் தலையைத் தூக்கிப் பக்கத்துக் கோட்டுக்காரனைப் பார்க்கிற பழக்கம்தான் இன்னும் போகவில்லை.