துணியின்மேற் குத்திய முத்திரை

ஆடையில் நிறமும் கோலமும் பொறிப்பது மனிதகுலத்தின் தொன்மையான கலைகளுள் ஒன்று. எனினும், கோலத்தை எழுதுபவன் யார், அதன்மேல் தன் பெயரைக் குத்துபவன் யார் என்னும் வினாக்கள் கலை வரலாற்றில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளிற் சோழமண்டலக் கரையிலிருந்து கடல்கடந்து சென்ற சீத்தைத் துணிகளின் கதை இவ்வினாக்களுக்கு விடை பகர்கிறது.

மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி, நாகபட்டினம் என நீண்ட அக்கரையிலே துணியெழுதுவோரின் கருவிகள் மிக எளியவை. கூராகச் சீவிய மூங்கிற்குச்சி. சாயத்தைத் தேக்குதற்கு அதிற் சுற்றிய மயிர்த்திரள். ஊசியால் துளையிட்ட கோலத்தாள். அதன்மேல் தட்டிப் படியெடுக்கும் கரித்தூள் முடிச்சு. இவற்றோடு சேர்ந்த அறிவோ எளியதன்று. துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்தினர். கறுப்புக்கோட்டுக்கு இரும்புத்துண்டு ஊறிய காடியையும் சிவப்புக்குப் படிகார நீரையும் தீட்டினர். சாயவேர் கொதிக்கும் நீரில் இட்டபோது, படிகாரம் பட்ட இடமே சிவப்பைப் பற்றிக்கொண்டது. நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் அமிழ்த்தினர். சாணநீராலும் வெயிலாலும் வெளுத்தெடுத்தனர். நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டப் பச்சை பிறந்தது. துவைத்தாலும் சிவப்பும் நீலமும் மங்காத இத்துணி, இரசாயனவியல் என்னும் பெயரையே கேட்டறியாதோரின் இரசாயன அறிவில் விளைந்ததாகும்.

இத்தொழிலின் வேர் நம் மண்ணிலும் ஓடியது. சாயவேர் யாழ்ப்பாணம், மன்னார், வன்னிப் பகுதிகளின் மணற்பாங்கான நிலங்களிற் கிடைத்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனி, அதனை அகழ்விக்கும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டது. வெயிலிற் குனிந்து வேரகழும் கடமை சாதியடுக்கின் அடியிற் கிடந்த மக்கள்மீது விழுந்தது.

கோலத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் கைமாறலாயிற்று. 1643இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் இலண்டன் பணிப்பாளர்கள் சூரத்திலிருந்த தம் முகவர்களுக்கு எழுதுகையில், சிவந்த நிலத்தைக் குறைத்து, வெண்ணிலத்தின் நடுவே பூவேலை செய்விக்குமாறு பணித்தனர். வாங்குவோர் விரும்பும் மாதிரிகள் கப்பலேறி வந்தன. தரகர்வழிக் கொடுத்த முன்பணம் கைவினைஞனைக் கடனாற் பிணைத்தது. சுலாவெசித் தீவின் தொராஜா மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிய இந்தியத் துணிகள் சிலவற்றில் ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரையை இன்றுங் காணலாம். அவற்றை எழுதியவனின் பெயரைத் தேடினாற் கிடைப்பதில்லை.

ஐரோப்பியச் சந்தையில் இத்துணிகள் நிறைந்தபோது அங்குள்ள நெசவாளர் வேலையிழந்து வாடினர். பிரான்சு 1686இல் தடைவிதித்தது; இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றியது. 1719இல் இலண்டனின் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் நெசவாளர், வீதியிற் சென்ற பெண்களின் பூந்துணி ஆடைகளைக் கிழித்தெறிந்தனர். இலாபம் ஈட்டியது கம்பனி. அடிவாங்கியவள் வழியிற் சென்ற பெண்.

தடை நின்ற காலத்திலேயே தொழிலறிவு கடல் கடந்தது. 1742இல் இயேசு சபைப் பாதிரியார் கேர்தூ, கிறித்தவந் தழுவிய சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்த நுணுக்கங்களைக் கடிதமாகப் பிரான்சுக்கு எழுதினார். 1752இல் அயர்லாந்திற் செப்புத் தகட்டால் துணியச்சிடும் முறை தோன்றியது. பிரான்சில் 1759இல் தடை நீங்க, மறு ஆண்டு ஜூயி என்னும் ஊரில் ஓபர்காம்ப் அச்சாலை நிறுவினார். 1783இல் தோமஸ் பெல் உருளையச்சுக்குக் காப்புரிமை பெற்றார். 1868இல் கிறேபெ, லீபர்மன் என்னும் ஜெர்மானியர் அலிசரின் என்னுஞ் செஞ்சாயப் பொருளைச் செயற்கையாக ஆக்கினர். 1897இற் செயற்கை அவுரிநீலம் சந்தைக்கு வந்தது. சாயவேருக்கு விலையில்லாது போயிற்று. இயந்திரத்தையும் விஞ்ஞானத்தையும் பழிப்பது பேதைமை. அவை எவர் உடைமையாயிருந்தன என்பதே கேள்வி.

மான்செஸ்டர் துணி இந்தியாவுக்கு வந்தபோது, எழுத்தறியாதவனும் இனங்கண்டு வாங்குமாறு, இந்துக் கடவுளரின் வண்ணப்படச் சீட்டுக்கள் அதில் ஒட்டப்பட்டன. 1875இற் பிரித்தானியாவில் வணிகக்குறிப் பதிவுச் சட்டம் பிறந்தது. துணிக்குறிகளுக்கென மான்செஸ்டரிலே தனி அலுவலகமும் அமைந்தது. முதலாளியின் குறியைத் திருடுவது குற்றமாயிற்று. கைவினைஞனின் அறிவை எடுத்துச் சென்றதோ முன்னேற்றம் எனப்பட்டது.

கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் திறக்கப்பட்டது. இன்று நம் நாட்டுப் பண்ட ஏற்றுமதியில் ஆடையே முதலிடம் பெறுகிறது. சாயவேர் அகழ்ந்த வன்னி மண்ணிலும், 2009இற் போர் முடிந்தபின், ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. மூங்கிற்குச்சியின் இடத்திலே திரையச்சுச் சட்டமும், கணினியால் இயங்கும் பூத்தையல் இயந்திரமும், வெப்பத்தாற் சின்னம் ஒட்டும் அழுத்தியும் நிற்கின்றன. உழைப்போரிற் பெரும்பாலோர் இளம் பெண்கள். கழுத்துப்பட்டியில் அவர்கள் தைக்கும் பெயரோ அயல்நாட்டுக் கம்பனியினது.

கம்பனிகள் வந்த ஆண்டுகளையும் போன ஆண்டுகளையும் நம் வகுப்பறைகளில் மனனஞ் செய்விக்கிறோம். அவற்றோடு இக்கதையையுங் கற்பித்தல் வேண்டும். மாணவன் தன் சட்டையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். அந்தப் பெயரைத் தைத்தவள் யார், அவள் பெற்ற கூலி எவ்வளவு என அவன் கேட்கும்போதுதான் வரலாற்றுப் பாடம் தொடங்குகிறது.