பட்டா பயமும் பசுமை அறிக்கையும்: இடுக்கி 2014

கேரளத்தில் குடியேறிய நம்மவர்களுக்கு இடுக்கி என்றால் மூணாறும் ஏலக்காயும்தான் நினைவுக்கு வரும். ஒரு சுற்றுச்சூழல் அறிக்கை நாடாளுமன்றத் தேர்தலையே புரட்டிப் போட்ட தொகுதியும் அதுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் மூன்று தரமாகப் பிரித்துக் காக்கவேண்டும் என்று மாதவ் காட்கில் குழு 2011இல் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பவே, கஸ்தூரிரங்கன் குழு 2013இல் அதைச் சுருக்கி, கேரளத்தில் 123 கிராமங்களைப் பட்டியலிட்டது. அவ்வாண்டு நவம்பரில் வந்த மத்திய அரசின் ஆணை தடுத்தது குவாரி, சுரங்கம், அனல்மின் நிலையம், மிகப்பெரிய கட்டடங்கள் போன்றவற்றைத்தான். குடியானவரை வெளியேற்றும் பேச்சே அதில் இல்லை. ஆனாலும் மலையெங்கும் கடையடைப்பு. "எல்லாரையும் எறக்கி விட்ருவாங்களாம்" என்பதே பேச்சு.

இதை வெறும் புரளி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1940களின் உணவுத் தட்டுப்பாட்டில், பயிர் செய்யுங்கள் என்று காட்டைத் திறந்துவிட்டது அரசுதான். 1950களில், தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு போய்விடக்கூடாது என்ற கணக்கும் சேர்ந்துகொள்ள, மேலும் குடியேற்றங்கள் நடந்தன (நமக்கும் இந்தக் கதையில் பங்குண்டு!). அப்படி ஏறியவர்களையே 1961இல் இடுக்கி அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவிலிலிருந்து வெளியேற்றி, குமுளி அருகே அமராவதியில் கொண்டுபோய் விட்டார்கள். ஏ.கே. கோபாலன் அங்கேயே உண்ணாவிரதம் இருந்தார். எஞ்சியவர்களில் பலருக்குப் பட்டா பல பத்தாண்டுகள் இழுத்தது. பட்டா கையில் இல்லாதவன் காதில் 'பாதுகாப்பு' என்ற சொல் எப்படி விழும்?

2009இல் 74,796 வாக்கு வித்தியாசத்தில் வென்ற காங்கிரஸ் எம்.பி. பி.டி. தாமஸ், காட்கில் அறிக்கையை வெளிப்படையாக ஆதரித்தார். இடுக்கி மறைமாவட்டம் எதிர்த்தது. அவருக்குப் பொய்ச் சவ ஊர்வலமே நடத்தினார்கள். 2014 மார்ச்சில் மத்திய அரசு பரப்பைக் குறைத்து வரைவு வெளியிட்டும் கோபம் ஆறவில்லை. கட்சியும் தாமசுக்கு மறுபடி சீட்டுத் தரவில்லை. அதனால் பயன்? மலைநாட்டுப் பாதுகாப்புச் சமிதியின் ஜாய்ஸ் ஜார்ஜ், இடதுசாரி ஆதரவோடு சுயேச்சையாக நின்று, காங்கிரசின் டீன் குரியாக்கோஸை 50,542 வாக்குகளில் தோற்கடித்தார்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கி மலைகள் பல இடங்களில் சரிந்தன. 2019இல் அதே டீன் 1,71,053 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதற்குச் சபரிமலை, ராகுல் காந்தியின் வயநாடு போட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. வெள்ளத்தின் பங்கைத் தனியே பிரித்தெடுக்க முடியாது.

2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் மண்சரிந்து புதைந்த 70 பேர், தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பத்தினர். தலைமுறை தலைமுறையாகக் கம்பெனி லயத்தில் குடியிருந்தவர்கள். பட்டாவுக்காக நடந்த அந்தப் போராட்டத்தில் அவர்களுக்குக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சென்ட் நிலமும் இருக்கவில்லை.